‘ஸ்காட் ஆஃப் தி அண்டார்டிக்’ படத்தின் இசை சிம்பொனிக்கான முன்வரைவுதானா?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள்போலத் தோன்றினாலும், உள்ளே இருப்பது ஒன்றே என்று எனக்குப் படுகிறது. தென்துருவத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் இறந்த ஸ்காட்டின் பயணத்தைச் சொல்லும், 1948-இல் ஈலிங் ஸ்டுடியோ எடுத்த ‘ஸ்காட் ஆஃப் தி அண்டார்டிக்’ படத்தை அண்மையில் பார்த்ததாகவும், கதையைவிட அதன் வாத்தியக்குழு இசையே மனத்தில் தங்கிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த இசையைப் பற்றி விசாரித்தால், ‘இசையமைப்பாளர் பிற்பாடு அதையே ஒரு சிம்பொனியாக (வாத்தியக்குழுவுக்காகப் பல பகுதிகளில் எழுதப்படும் பெரிய படைப்பாக) எழுதிவிட்டார், அதைக் கேட்டால் போதும்’ என்றே எல்லாரும் சொல்கிறார்கள் என்பது உங்கள் வருத்தம். கர்நாடக சங்கீதமும் நம் திரைப்பாடல்களும் கேட்டு வளர்ந்த, மேற்கத்திய சங்கீதம் படிக்காத ஒருவர் இப்படிப்பட்ட இசையை எப்படிக் கேட்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். படத்தோடு சேர்த்துக் கேட்டபோது உங்களுக்குள் நேர்ந்தது நிறைவான அனுபவமா, அல்லது பாதியில் நிற்கும் ஒன்றைக் கேட்டுத்தான் உருகினோமா என்பதே உங்கள் சந்தேகம் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். அது நிறைவான அனுபவம்தான். சிம்பொனி மிகப் பெரிய படைப்பு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது வேறொரு படைப்பு.

நான் வயலின் கற்றுப் பிறகு, அதைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட வியோலாவுக்கு மாறியவன். சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் பல ஆண்டுகள் ரீ-ரெக்கார்டிங்கில், அதாவது படத்துக்கான பின்னணி இசைப் பதிவில், ஸ்ட்ரிங்ஸ் பிரிவில் உட்கார்ந்து வாசித்திருக்கிறேன். இப்போது டிரினிட்டி தேர்வுகளுக்கு மாணவர்களைத் தயார்செய்கிறேன். ஆங்கில இசை வரலாற்றில் ஆய்வு செய்தவன் அல்லன். ஆகவே கீழே நான் சொல்வனவற்றில் ஆவணங்களால் உறுதியானவை எவை, வாசித்துப் பழகிய காது சொல்வன எவை என்பதை அந்தந்த இடத்திலேயே பிரித்துக் காட்டிவிடுகிறேன்.

முதலில் உறுதியானவற்றைச் சொல்லிவிடுகிறேன். படத்தை இயக்கியவர் சார்லஸ் ஃபிரெண்ட். ஸ்காட்டாக நடித்தவர் ஜான் மில்ஸ். இசை ரேஃப் வான் வில்லியம்ஸ். 1872-இல் பிறந்த அவர் இந்தப் படத்துக்கு இசை எழுதியபோது எழுபத்தைந்து வயதை ஒட்டியிருந்தார்; ஆறு சிம்பொனிகளை எழுதி முடித்து, இங்கிலாந்தின் மூத்த இசையமைப்பாளராக மதிக்கப்பட்டவர். நாட்டுப்பாடல்களைத் தேடிச் சேகரித்தவர், பாரிஸுக்குப் போய் இசையமைப்பாளர் ராவெலிடம் கொஞ்ச காலம் பாடம் கேட்டவர், முதல் உலகப் போரில் ஆம்புலன்ஸ் பிரிவில் வேலை செய்தவர். திரைப்படத்துக்கு அவர் முதன்முதலாக எழுதியதே 1941-இல் வந்த ஒரு போர்க்காலப் படத்துக்குத்தான். ஈலிங்கின் இசைப் பொறுப்பாளர் எர்னஸ்ட் இர்விங் ஸ்காட் படத்துக்காக அவரை அணுகினார். அவர் முதலில் தயங்கினார். பிறகு திரைக்கதையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, எடுத்த படத்தைப் பார்ப்பதற்கு முன்பே பெரும்பகுதியை எழுதி முடித்துவிட்டார். எழுதியதில் கணிசமான பகுதி படத்தில் இடம்பெறவில்லை. அந்தக் கருக்களை, அதாவது அடிப்படை மெட்டுகளை, கொண்டு உருவானதுதான் அவருடைய ஏழாவது சிம்பொனியான ‘சின்ஃபோனியா அண்டார்ட்டிகா’. அதை 1953 ஜனவரியில் மான்செஸ்டரில் ஹாலே இசைக்குழு ஜான் பார்பிரோலியின் நடத்துகையில் முதன்முதலாக வாசித்தது. அந்தச் சிம்பொனியை அவர் காணிக்கையாக்கியது எர்னஸ்ட் இர்விங்குக்குத்தான்.

அந்தச் சிம்பொனியே ஒரு விதத்தில் பட இசைக்குப் பாதகமாகிவிட்டது. சிம்பொனி கச்சேரி மேடைக்கு வந்த நாளிலிருந்து, படத்தின் இசை அதற்கு முந்தைய படிநிலையாகவே பேசப்படுகிறது. புத்தகங்கள் சிம்பொனியை அலசும்போது ‘இந்தக் கரு படத்தில் இன்ன காட்சியில் வந்தது’ என்று ஓரமாக ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. படத்தின் இசை என்றால் நமக்குப் பாடல்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. பாடல் இல்லாத இசையைத் தனியே எடுத்துப் பேசும் பழக்கம் நம்மிடம் மெதுவாகவே வளர்ந்தது. ஸ்காட் படம் வந்த அதே 1948-இல் ஜெமினி ஸ்டுடியோவின் ‘சந்திரலேகா’ வெளிவந்தது. அதன் முரசு நடனத்தில் பாட்டு வரிகள் கிடையாது, முழுக்க வாத்திய இசை. இத்தனை தலைமுறைக்குப் பிறகும் அந்த நடனத்தின் பிரம்மாண்டத்தைப் பேசுகிறோம். அதற்கு அடியில் வாத்தியங்கள் என்ன செய்தன என்று பேசுபவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் படத்தின் இசையில் பங்காற்றிய எஸ். ராஜேஸ்வர ராவ் போன்ற ஒருவரின் வாத்திய ஞானத்துக்கு நாம் இன்னும் உரிய மரியாதை செய்யவில்லை என்பது என் ஆதங்கம். அது தனியே எழுத வேண்டிய விஷயம் என்பதால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

இனி இசைக்குள் போவோம். பெயர்கள் திரையில் ஓடும்போதே வந்துவிடும் முதல் கருவைத்தான் நீங்கள் நன்றாகப் பழகிக்கொள்ள வேண்டும். சிம்பொனியின் முதல் பகுதியும் அதிலிருந்தே தொடங்குகிறது. அகலமான மூன்று எண்ணிக்கைகள் கொண்ட தாளத்தில், அவசரமே இல்லாமல், கீழிருந்து மேலே படிப்படியாக ஏறும் மெட்டு அது. கேட்ட மாத்திரத்தில் வீரமான இசை என்று தோன்றும். ஆனால் கூர்ந்து கேட்டால், மேலே ஏறும் ஒவ்வொரு ஸ்வரத்தோடும் அடியில் இருக்கும் முழுக் கார்டும் (ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக் கூட்டமும்) சேர்ந்தே நகர்வது புலப்படும். சாதாரணமாக இப்படிப்பட்ட மெட்டில் மேலே ஒரு குரல் நகரும்போது அடியில் இருப்பவை ஒரே இடத்தில் ஊன்றி நின்று அதைத் தாங்கும். இங்கே தாங்குவதற்கு எதுவும் நிற்பதில்லை; சோகச் சாயலுள்ள ஒரு மைனர் கார்டிலிருந்து அதோடு உறவே இல்லாத வேறொரு கார்டுக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று மொத்தப் பாரமும் ஒவ்வொரு படியிலும் தூக்கி வைக்கப்படுகிறது. ஏறி முடித்த நிம்மதியை அந்த மெட்டு நமக்குத் தருவதே இல்லை.

இதை மாணவர்களுக்குப் புரியவைக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். சிம்பொனியின் ஸ்கோரிலிருந்து, அதாவது எல்லா வாத்தியங்களுக்கும் எழுதிய முழுப் பிரதியிலிருந்து, அந்த முதல் சில பார்களை (தாள அளவுகளை) பிரித்து, இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்று நான்கு பேர் கையில் கொடுத்து, மிக மெதுவாக வாசிக்கச் சொல்வேன். வழக்கமாக நடுக்குரல் வாசிக்கும் பிள்ளைக்கு வேலை எளிது. இரண்டு மூன்று ஸ்வரங்களுக்குள்ளேயே புழங்கிக்கொண்டிருக்கலாம். இந்த இடத்தில் அந்தப் பிள்ளையும் மேல்குரலுக்குச் சமமாக ஏற வேண்டியிருக்கிறது. இடது கை விரல்கள் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் புது இடம் தேடுகின்றன. பக்கத்தில் வாசிப்பவரின் ஸ்வரம் எதிர்பாராத திசையில் போவதால் சுருதி பிசகிக்கொண்டே இருக்கிறது. வில்லைக் கீழே வைக்கும்போது நால்வருமே களைத்திருப்பார்கள். சறுக்கு வண்டியைத் தாங்களே இழுத்துக்கொண்டு பனியில் நடந்த மனிதர்களைப் பற்றிய படத்துக்கு, அந்த உழைப்பை மெட்டின் வளைவில் மட்டும் காட்டாமல், வாசிப்பவர் ஒவ்வொருவரின் கையிலும் வைத்துவிட்டார் வான் வில்லியம்ஸ். இது அவர் திட்டமிட்டுச் செய்தது என்பதற்கு என்னிடம் ஆவணம் இல்லை. வாசித்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த இசை ஏன் இவ்வளவு அந்நியமாகவும் அதே சமயம் இவ்வளவு நெருக்கமாகவும் படுகிறது என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. நமக்குத் தம்பூரா ஒலிக்கத் தொடங்கியதுமே வீடு எது என்று தெரிந்துவிடுகிறது. பாடகர் எவ்வளவு தூரம் சஞ்சாரம் செய்தாலும் ஆதார ஷட்ஜம் அடியில் ஒலித்துக்கொண்டே இருப்பதால், திரும்பி வர இடம் இருக்கிறது என்ற தைரியத்தோடுதான் கேட்கிறோம். ஸ்காட் படத்தின் முதல் கருவில் அந்த ஆதாரம் பிடுங்கப்பட்டுவிடுகிறது. ஆகவே இதில் ராகச் சாயல் தேடாதீர்கள். சில ஸ்வரங்கள் ஏதோ ஒரு ராகத்தை நினைவூட்டினாலும், அடுத்த கார்டு வந்ததும் அந்த நினைப்பு அர்த்தமற்றுப் போய்விடும். ‘இப்போது எனக்குக் காலடியில் தரை இருக்கிறதா’ என்ற ஒரே கேள்வியை மட்டும் காதில் வைத்துக்கொண்டு கேளுங்கள். படத்தின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் நடக்கும் குடும்பக் காட்சிகளில் அந்தத் தரை இருக்கிறது. பனிப்பரப்பு வரும்போது அது போய்விடுகிறது. இந்த ஒரு வேறுபாட்டை உணர்ந்துவிட்டாலே, இசை படிக்காதவர் என்று நீங்கள் உங்களைச் சொல்லிக்கொள்ளத் தேவையில்லை.

அடுத்தது அந்தக் குரல். ஒரு பெண் குரல், அதற்குப் பின்னால் பெண்களின் சிறு குழு. வார்த்தையே கிடையாது, அகாரமாக மட்டும் வருகிறது. படத்தில் அந்தத் தனிக்குரலைப் பாடியவர் மார்கரெட் ரிட்சி. சிம்பொனியின் முதல் அரங்கேற்றத்திலும் அவரே பாடினார். தென்துருவத்தின் அச்சத்தையும் வசீகரத்தையும் ஒருசேரக் குறிக்கவே அந்தக் குரல் வருகிறது என்பதில் பெரிய விவாதம் இல்லை. சிம்பொனியின் ஸ்கோரில், பாடுபவர்களும் காற்று இயந்திரமும் அவையோர் கண்ணில் படாதபடி மறைவாக வைக்கப்பட வேண்டும் என்றே குறித்திருக்கிறார். திரைப்படத்தில் அப்படி ஒரு குறிப்பு தேவையே இல்லை. திரையில் குரல் எங்கிருந்து வருகிறது என்று எப்போதும் தெரிவதில்லை. நான் படத்தின் பக்கம் நின்று பேசுவதற்கு முதல் காரணம் இதுதான். கச்சேரி அரங்கில் மேடைக்குப் பின்னால் ஆளை நிறுத்திச் செயற்கையாக உண்டாக்க வேண்டிய ஒரு மறைவு, படத்தில் தானாகவே அமைந்துவிடுகிறது. வெள்ளைப் பரப்பைத் தவிர வேறெதுவும் இல்லாத சட்டகத்தில் அந்தக் குரல் வரும்போது, மனிதர்களுக்கு மேலே ஒருவர் பாடுகிறார் என்ற எண்ணமே எழாமல், அந்த இடமே ஒலிக்கிறது என்று தோன்றுகிறது.

காற்று இயந்திரத்தைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருந்ததால் கொஞ்சம் விளக்குகிறேன். அது ஒன்றும் மின்கருவி அல்ல. மரச்சட்டங்கள் பொருத்திய ஓர் உருளை, அதன்மேல் இறுக்கிப் போர்த்திய முரட்டுத் துணி, சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். கைப்பிடியைச் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப உரசல் ஒலி உயர்ந்தும் தாழ்ந்தும் வீசும். நாடக மேடைகளில் பிறந்த கருவி. 1890-களிலேயே ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் அதை ஆர்கெஸ்ட்ராவுக்குள் கொண்டுவந்துவிட்டார். சிம்பொனியைக் கேட்கும்போது அதை ஐயமில்லாமல் அடையாளம் காணலாம். முடிவில் பெண் குரல்களும் அந்த உரசலும் மட்டுமே மிஞ்சி மெல்ல அடங்கும். படத்தில் காதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒலி விளைவுப் பிரிவு சேர்த்த புயற்காற்று, வசனம், இசை எல்லாம் ஒரே மோனோ டிராக்கில் கலந்து கிடக்கின்றன. அப்படிக் கலந்தபின் எது வாத்தியக்குழுவின் காற்று, எது விளைவுப் பிரிவின் காற்று என்று பிரித்துச் சொல்வது என்னைப் போன்றவர்களால் ஆகாது. ‘படத்தில் இந்த நிமிடத்தில் காற்று இயந்திரம் வருகிறது’ என்று யாராவது அடித்துச் சொன்னால் ஸ்கோரைக் கேளுங்கள்.

பனியாற்றில் ஏறும் பகுதியைத்தான் படத்துக்கும் சிம்பொனிக்கும் இடையே எடைபோட நான் தேர்ந்தெடுப்பேன். சிம்பொனியில் இது ‘நிலக்காட்சி’ என்று பெயரிட்ட மூன்றாம் பகுதியாக விரிந்திருக்கிறது. அடங்கிய குரலில் ஹார்ன்கள் தொடங்கும். ஒரு குரலை அடுத்த குரல் பின்தொடரும். எங்கேயும் போய்ச்சேராத ஒரு நடை நெடுநேரம் நீளும். பிறகு, முன்னறிவிப்பே இல்லாதது போல, பெரிய குழாய்களால் ஒலிக்கும் ஆர்கன் முழு வலிமையோடு உள்ளே வந்து வழியை மறித்து நிற்கும். கச்சேரி அரங்கில், தரையே அதிரும் உண்மையான ஆர்கனில் அதைக் கேட்டவர்களுக்கு அது மறக்காது. அந்த ஒலிக்குச் சிம்பொனியிடம்தான் போக வேண்டும்; படச்சுருளில் ஒளிவழியே பதிவான 1940-களின் ஒலித்தடத்தால் அந்தத் தாழ்ந்த ஸ்வரங்களையும் அந்த முழக்கத்தையும் தாங்க முடியாது. ஆனால் சிம்பொனியில் அந்த ஆர்கன் ஓர் உச்சம். உச்சம் என்றால் அதற்குப் பின் தளர்வு உண்டு, அடுத்து ‘இடையிசை’ என்னும் பகுதி இடைவெளியில்லாமல் தொடங்கும், ஓபோ என்னும் ஊதுகுழல் பாடும், நமக்கு மூச்சு திரும்பும். படத்தில் வண்டி இழுப்பவர்களுக்கு அப்படி மூச்சு கொடுக்க யாரும் இல்லை. ஏறி முடித்தபின் இன்னும் நடக்க வேண்டும், துருவம் போய்ச் சேர வேண்டும், அங்கே ஏற்கெனவே நார்வேக்காரர்கள் வந்துபோயிருப்பதைப் பார்க்க வேண்டும், பிறகு வந்த வழியே திரும்ப வேண்டும். ஒரே கரு ஒரு வடிவத்தில் முழுமை பெறுகிறது. இன்னொன்றில் முழுமை பெறாமலேயே அறுபடுகிறது. அறுபடுவதுதான் இந்தக் கதைக்குப் பொருத்தம் என்பது என் தீர்மானமான கருத்து.

இசை அறுபடுவதைப் பற்றி எங்கள் தொழில் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். நான் வாசித்த காலத்தில் சென்னையில் ரீ-ரெக்கார்டிங் நடந்த முறை வான் வில்லியம்ஸ் செய்ததற்கு நேர் எதிரானது. ரீலை முதலில் திரையில் ஓட்டிப் பார்ப்பார்கள்; பார்த்த பிறகே இசையமைப்பாளர் எழுதுவார். இளையராஜா அவர்கள் ரீலைப் பார்த்த கையோடு, அங்கேயே தாளும் பேனாவுமாக உட்கார்ந்து எல்லா வாத்தியங்களுக்கும் எழுதி முடித்துவிடுவது இந்த ஊரில் அனைவரும் அறிந்தது. ஒவ்வொரு வாத்தியத்துக்குமான பார்ட்டுகள் பிரதியெடுத்து எங்கள் ஸ்டாண்டுக்கு வரும். கண்டக்டர் திரையையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நடத்துவார். வசனம் எங்கே வருகிறது, கதவு எங்கே மூடுகிறது என்பதற்கெல்லாம் அளவெடுத்த இசை அது. அப்படி அளவெடுத்து எழுதியபோதும், காட்சி சுருங்கினால் ‘இந்த எட்டு பார் வேண்டாம்’ என்று கண்டக்டர் சொல்வார், பென்சிலால் கோடு போட்டுவிட்டுத் தாண்டி வாசிப்போம். தாண்டும் இடத்தில் உண்டாகும் சிறு அதிர்ச்சி பலநேரம் காட்சிக்கு நல்லதே செய்திருக்கிறது.

வான் வில்லியம்ஸ் இதைப் பற்றி வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். 1940-களில் எழுதிய ஒரு கட்டுரையில், படத்துக்கு இசை எழுத இரண்டு வழிகள் உண்டு என்கிறார்: திரையில் நிகழும் ஒவ்வொரு அசைவுக்கும் இசையால் அழுத்தம் கொடுப்பது ஒன்று, சில்லறை விவரங்களை விட்டுவிட்டு அந்தச் சூழ்நிலையின் மொத்த உணர்வையும் தொடர்ந்து ஓடும் இசையால் ஆழப்படுத்துவது இன்னொன்று. தமக்குக் கைவந்தது இரண்டாவது வழிதான் என்கிறார். ஸ்காட் படம் முழுக்க அந்த வழியில் எழுதப்பட்டது. ஆகவே நீங்கள் திரும்பப் பார்க்கும்போது, ஒரு மனிதன் தடுக்கி விழும் கணத்தில் வாத்தியக்குழுவும் விழுகிறதா என்று பார்க்காதீர்கள், பெரும்பாலும் விழாது. மனிதர்கள் விழுந்தாலும் எழுந்தாலும் இசை தன் போக்கில் போய்க்கொண்டிருக்கும். அந்த அலட்சியம்தான் இயற்கையின் அலட்சியமாக நமக்குள் இறங்குகிறது. படத்தைப் பார்க்காமலேயே எழுதியவர் என்பதைச் சிலர் குறையாகச் சொல்வதுண்டு. எனக்கு அது இந்தக் கதைக்குக் கிடைத்த நல்வாய்ப்பாகவே தோன்றுகிறது.

எல்லா இடமும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. மட்டக்குதிரைகளின் நடைக்கு ஒரு மார்ச் எழுதியிருக்கிறார்; பென்குவின்களுக்கு விளையாட்டுத்தனமான ஒரு துண்டு உண்டு. பென்குவின் இசை பிறகு சிம்பொனியின் ஸ்கெர்ட்ஸோ என்னும் துள்ளலான பகுதிக்குள் போய்விட்டது. இவை இனிமையானவை, கைதேர்ந்தவை. ஆனால் வேறு நல்ல இசையமைப்பாளர்களும் எழுதக்கூடியவை. இவற்றில் நெடுநேரம் நிற்க வேண்டாம்.

இன்னொரு கேள்வி உங்கள் கடைசி வரியில் இருந்தது: இசையமைப்பாளர் ஸ்காட்டை ஒரு வீரனாகப் போற்றினாரா? இதில் தெரிந்ததையும் ஊகத்தையும் கவனமாகப் பிரிக்க வேண்டும். 1912 ஜனவரி 17 அன்று ஸ்காட்டும் நான்கு தோழர்களும் தென்துருவத்தை அடைந்தபோது, நார்வேயின் அமுண்ட்சென் அங்கே வந்துபோய் ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. திரும்பும் வழியில் எவான்ஸ் இறந்தார். பிறகு ஓட்ஸ் கூடாரத்திலிருந்து புயலுக்குள் நடந்துபோனார். எஞ்சிய மூவரும் உணவுக் கிடங்குக்கு 11 மைல் தொலைவில் இறந்தார்கள். இந்தப் பயணத்தின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, ஏற்பாடுகளில் இருந்த குளறுபடிகளால் மனித உயிர்கள் வீணாயின என்று வான் வில்லியம்ஸ் கோபமடைந்ததை அவருடைய மனைவி உர்சுலா பதிவுசெய்திருக்கிறார். அதே சமயம், சிம்பொனியின் இறுதிப் பகுதிக்கு முகப்பு வாசகமாக அவர் எடுத்துக்கொண்டது ஸ்காட்டின் நாட்குறிப்பு வரிகளையே: இந்தப் பயணத்துக்காக வருந்தவில்லை, ஆபத்து என்று தெரிந்தேதான் இறங்கினோம், நிலைமை எதிராகப் போய்விட்டது, குறைசொல்ல எங்களுக்கு உரிமையில்லை என்ற பொருள்படும் வரிகள். இவ்வளவும் உறுதி. கோபமும் மரியாதையும் ஒரே மனத்தில் இருந்தன என்பதுவரை சொல்லலாம். முதல் கருவில் தரை இல்லாமல் போனதற்கு அந்தக் கோபம்தான் காரணம் என்று நான் நம்புகிறேன். அது ஊகம்தான், வேறொருவர் அதே கார்டுகளைக் கேட்டுவிட்டு வெறும் பனியின் அந்நியத்தன்மை என்று சொன்னால் மறுக்க என்னிடம் சான்று இல்லை.

கேட்கும் முறையைப் பற்றி நடைமுறையாகச் சிலவற்றைச் சொல்கிறேன். போனின் ஸ்பீக்கரில் இந்தப் படத்தைப் பார்க்காதீர்கள். தாழ்ந்த ஸ்வரங்கள் முழுவதும் போய்விடும், மேலே கீச்சென்று வயலின்கள் மட்டும் மிஞ்சும், பழைய படம் என்றாலே இப்படித்தான் என்று தவறாக நினைத்துவிடுவீர்கள். சுமாரான ஹெட்ஃபோன் இருந்தால்கூடப் போதும். முதல்முறை பார்த்தாயிற்று; இரண்டாம் முறை பார்க்கும்போது இசை எங்கே தொடங்குகிறது என்பதைவிட எங்கே நிற்கிறது என்பதில் கவனம் வையுங்கள். ஸ்காட்டின் நாட்குறிப்பு குரலாக ஒலிக்கும் இடங்களில் இசை அடியில் தாழ்த்தப்பட்டிருக்கும். அங்கே மெட்டைத் துரத்தாமல் எந்த வாத்தியத்தின் நிறம் கேட்கிறது என்று மட்டும் பாருங்கள். அதற்குப் பிறகு சிம்பொனிக்குப் போங்கள். ஏட்ரியன் போல்ட் லண்டன் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு 1953-இல் செய்த பதிவில் ஒவ்வொரு பகுதிக்கு முன்னும் நடிகர் ஜான் கீல்குட் அந்த முகப்பு வாசகங்களைப் படிக்கிறார். வாசகங்கள் இசைக்கு இடையூறு என்று கருதுபவர்கள் உண்டு. முதன்முறை கேட்பவருக்கு அவை கைகொடுக்கும் என்பது என் எண்ணம்.

படத்துக்காக எழுதப்பட்டு அதில் இடம்பெறாமல் போனவற்றையும் சேர்த்து, புதிய ஒலிப்பதிவுகள் இந்த நூற்றாண்டில் வந்திருக்கின்றன. 2000-களின் தொடக்கத்தில் ருமோன் காம்பா பிபிசி ஃபில்ஹார்மோனிக்கோடு ஒரு தொகுப்பைப் பதிவுசெய்தார். பிறகு மார்ட்டின் யேட்ஸ் முழு ஸ்கோரையும் பதிவுசெய்தார். இவற்றில் ஒலி தெளிவாக இருக்கிறது, படத்தில் புதைந்துபோன உள்குரல்கள் எல்லாம் கேட்கின்றன. ஆனால் இவற்றை மூன்றாவதாகவே கேளுங்கள். முதலிலேயே கேட்டுவிட்டால், படத்தில் எது இல்லை என்று தேடத் தொடங்கிவிடுவீர்கள். படத்தில் இருப்பதைக் கேட்கத் தவறிவிடுவீர்கள். மூன்றையும் கேட்டபின் மறுபடி படத்துக்கு வந்து, தலைப்பில் ஒலித்த அந்த ஏறும் மெட்டின் சாயல் திரும்பும் பயணத்துக் காட்சிகளில் எந்த வாத்தியங்களில், எவ்வளவு நீளத்துக்கு வருகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். காதில் பட்டதை இங்கே எழுதினால், ஸ்கோரின் அந்தப் பக்கங்களை எடுத்து வைத்துக்கொண்டு மேற்கொண்டு பேசலாம்.